திறமூலத் திட்டத்தின் ஆவணங்களைச் செம்மைப்படுத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு திறமூல மென்பொருளை (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளை) நிறுவப் போய், அதன் கையேட்டிலேயே சிக்கிக்கொண்டு, ‘இந்தப் பக்கத்தை யாராவது சரிசெய்யக் கூடாதா’ என்று நினைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிக்கிக்கொண்டவர்தான் அந்தப் பக்கத்தைச் சரிசெய்ய மிகத் தகுதியானவர் என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகின்றன. திட்டத்தைக் கவனித்து, வரும் மாற்றங்களை ஏற்பவர்களான பராமரிப்பாளர்களுக்கான கேள்விகள் கடைசியில் உள்ளன.

எனக்கு நிரல் எழுத வராது. ஆவணத்தில் கைவைக்கலாமா?

தாராளமாக. நிரலை எழுதியவருக்கு அதன் உள்ளும் புறமும் அத்துப்படி. அதனாலேயே புதிதாக வருபவருக்கு எது தெரியாது என்பது அவர் கண்ணில் படுவதில்லை. எந்தக் கோப்புறையில் இருந்துகொண்டு கட்டளையை இட வேண்டும், எந்தச் சேவை முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எந்த அனுமதி வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டவை. அவற்றை எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது. முதன்முறை வருபவர் சரியாக அந்த இடங்களில்தான் இடறுகிறார்.

இந்தத் தடுமாற்றம் ஓரிரு வாரத்தில் பழகி மறைந்துவிடும். ஆகவே மென்பொருள் உங்களுக்குப் புதிதாக இருக்கும்போதே குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். ‘நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு எழுதலாம்’ என்று தள்ளிப்போட்டால், எழுத உட்காரும்போது எங்கே இடறினோம் என்பதே நினைவுக்கு வராது.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும், திட்டங்களின் கோப்புகளை வைத்திருக்கும் கிட்ஹப், கிட்லேப் தளங்கள் இரண்டிலும் உலாவியிலிருந்தபடியே கோப்பைத் திருத்தி அனுப்பலாம். பல திட்டங்களின் கையேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ‘இந்தப் பக்கத்தைத் திருத்து’ என்ற இணைப்பு இருக்கும்.

ஆவணம் சரியில்லை என்பது அவ்வளவு பெரிய சிக்கலா?

கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூலக் கருத்துக்கணிப்பில், பதிலளித்தவர்களில் 93% பேர் அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணத்தை ஒரு சிக்கலாகக் கண்டதாகச் சொன்னார்கள். அதே கணிப்பில் பங்களிப்பாளர்களில் 60% பேர், ஆவணத்துக்கு அரிதாகவே பங்களிக்கிறோம் அல்லது பங்களிப்பதே இல்லை என்றார்கள். அவதிப்படுவது கிட்டத்தட்ட எல்லோரும், கைவைப்பது சிலர் மட்டுமே.

இதன் சுமை பயனர் தலையில் மட்டும் விழுவதில்லை. கையேட்டில் இல்லாத ஒரு வரிக்காக அதே கேள்வி திரும்பத் திரும்ப இஷ்யூவாக (திட்டத்தின் தளத்தில் பதியும் கேள்வி அல்லது புகாராக) வந்து நிற்கும். நிரலைக் கவனிக்க வேண்டிய பராமரிப்பாளர் பதில் எழுதியே களைத்துப்போவார். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில் கையேட்டுப் பக்கத்தில் உள்ள தவறையும் வழுவாகவே (பக்) கருதுகிறார்கள். எல்லாத் திட்டங்களுக்கும் இந்தப் பார்வை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

நிறுவல் பக்கத்திலிருந்து. அதிகம் பேர் படிப்பதும், அதிகம் பேர் மனம் தளர்ந்து வெளியேறுவதும் அங்கேதான்.

ஏற்கெனவே எல்லாம் நிறுவியிருக்கும் உங்கள் கணினியில் இதைச் சோதித்துப் பயனில்லை. ஒரு மெய்நிகர் கணினியையோ கண்டெய்னரையோ (கணினிக்குள் தனியாக ஒதுக்கிய இயங்கிடம்) வெறுமையாகத் திறந்துகொள்ளுங்கள். பக்கத்தில் உள்ளதை மட்டும், உள்ள வரிசையில், உள்ளபடியே செய்துபாருங்கள். உங்கள் சொந்த அறிவைக் கொண்டு ஒரு இடைவெளியை நிரப்ப வேண்டி வந்தால், உடனே நின்று குறித்துக்கொள்ளுங்கள். ‘இங்கே கம்பைலர் ஒன்று தேவைப்பட்டது, பக்கத்தில் சொல்லவில்லை’, ‘இந்தக் கட்டளை வெற்றி பெற்றதா இல்லையா என்று தெரியவில்லை’, ‘பக்கம் சொல்லும் கோப்பு இப்போது வேறு பெயரில் இருக்கிறது’ என்ற அளவில் குறிப்பு போதும். இறுதியில் கையில் இருக்கும் அந்தப் பட்டியலே உங்கள் வேலைத்திட்டம்.

இரண்டாவது இடம், திட்டத்தின் மூடப்பட்ட இஷ்யூக்கள். யாரோ ஒருவர் கேட்டு, பராமரிப்பாளர் நான்கு வரியில் அருமையாகப் பதில் சொல்லி, நன்றி தெரிவித்து மூடியிருப்பார்கள். அந்த நான்கு வரி கையேட்டுக்குப் போயிருக்காது. அதை எடுத்து, நடப்புப் பதிப்பில் இன்னும் பொருந்துகிறதா என்று சரிபார்த்து, உரிய பக்கத்தில் சேர்ப்பதைவிட எளிதான நல்ல பங்களிப்பு எனக்குத் தெரியவில்லை.

நல்ல திருத்தம் எப்படி இருக்கும்? ஓர் எடுத்துக்காட்டு காட்ட முடியுமா?

ரீட்மீ கோப்புகளில் (திட்டத்தை முதலில் அறிமுகப்படுத்தும் கோப்பு) அடிக்கடி கண்ணில் படும் வகையில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

“சார்புகளை நிறுவி, அமைவுக் கோப்பைத் திருத்தியபின் சர்வரை இயக்கவும்.”

எழுதியவருக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. புதியவருக்கோ வரிசையாகக் கேள்விகள். எந்தச் சார்புகள் (முன்பே நிறுவியிருக்க வேண்டிய பிற நிரல்கள்), எந்தப் பதிப்பு? அமைவுக் கோப்பு எங்கே இருக்கிறது, அல்லது நானே உருவாக்க வேண்டுமா? அதில் எதைத் திருத்துவது, எதைத் தொடக் கூடாது? சர்வர் ஓடுகிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? திருத்திய வடிவம் இப்படி இருக்கலாம்:

“பைதான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. திட்டத்தின் முதன்மைக் கோப்புறையில் இருந்தபடி கீழ்க்காணும் கட்டளையை இட்டு நிரலகங்களை நிறுவவும். மாதிரி அமைவுக் கோப்பைப் படியெடுத்து, அதில் தரவுத்தளக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றவும். மற்ற மதிப்புகள் அப்படியே இருக்கட்டும். சர்வரை இயக்கியதும் 8000ஆம் போர்ட்டில் காத்திருப்பதாக ஒரு வரி தெரியும். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை வந்தால், வேறொரு நிரல் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது. அமைவுக் கோப்பில் போர்ட் எண்ணை மாற்றி மீண்டும் இயக்கவும்.”

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் படிப்பவரின் நேரம் மிச்சமாகிறது. கடைசி இரண்டு செய்திகளைக் கவனியுங்கள்: சரியாக நடந்தால் திரையில் என்ன தெரியும், தவறினால் பெரும்பாலும் எது காரணம். ஆவணங்களில் நான் முதலில் தேடுவது இவ்விரண்டையும்தான், பெரும்பாலும் இல்லாமல் போவதும் இவைதான். பிழைச்செய்தியைத் திரையில் வருவது போலவே, ஓர் எழுத்தும் மாறாமல், பக்கத்தில் பதியுங்கள். சிக்கியவர் அதை அப்படியே நகலெடுத்துத்தான் தேடுபொறியில் இடுவார், அப்போதுதான் உங்கள் பக்கம் அவருக்கு அகப்படும்.

கையேடு முழுவதையும் மாற்றி எழுதிவிடலாமா?

முதல் பங்களிப்பாக வேண்டாம். நாற்பது கோப்புகளைத் தொடும் புல் ரிக்வெஸ்டை (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பும் கோரிக்கையை) வரி வரியாகப் படித்துச் சரிபார்க்கப் பராமரிப்பாளருக்கு நேரம் கிடைக்காது. அது திறந்தே கிடக்கும்; அதற்குள் மற்றவர்கள் அதே கோப்புகளைத் திருத்த, முரண்கள் சேர்ந்துவிடும். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே விஷயம் இருக்கட்டும். எழுத்துப்பிழைகளைத் திருத்துவது ஒன்று, ஒரு பத்தியைப் புதிதாக எழுதுவது மற்றொன்று. இரண்டையும் கலக்க வேண்டாம். வரிகளை மடித்து அடுக்கிய மாற்றமும் பொருள் மாற்றமும் ஒரே கமிட்டில் (ஒரே பதிவாகச் சேர்க்கும் மாற்றத்தில்) வந்தால், உண்மையில் எது மாறியது என்று மறுபார்வை செய்பவரால் பார்க்கவே முடியாது. பல திட்டங்கள் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று மூலக்கோப்பை எழுதுவதற்குக் காரணம் இதுதான்: ஒரு சொல் மாறினால் அந்த வாக்கியம் மட்டுமே டிஃபில் (பழையதும் புதியதும் வேறுபடும் இடங்களின் பட்டியலில்) தெரியும்.

அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தால் முதலில் ஓர் இஷ்யூ திறந்து பேசுங்கள். பக்கங்களை இடம் மாற்றும்போது பழைய முகவரிகள் உடையும். வெளியே எத்தனையோ பேர் அந்த முகவரிகளுக்கு இணைப்புக் கொடுத்திருப்பார்கள். பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடப்படுகிறதா என்பதையும் அந்த வேலைக்குள் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

டுடோரியல், செய்முறை, ரெஃபரன்ஸ், விளக்கம் என்று நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்களே, அவசியமா?

டேனியேல் ப்ரோசிடா வகுத்த டயாடாக்ஸிஸ் என்ற முறையைக் கேட்கிறீர்கள். கற்றுக்கொள்ள வந்தவரைக் கைப்பிடித்து அழைத்துப்போவது டுடோரியல். ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்க வந்தவருக்கு வழி சொல்வது செய்முறை. விவரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவருக்கு ரெஃபரன்ஸ். ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்று யோசிப்பவருக்கு விளக்கம். நான்கு பேரும் நான்கு மனநிலையில் வருகிறார்கள் என்பதே இதன் அடிப்படை. அதை முழுமையாக ஏற்கிறேன்.

நடைமுறையில் இது எங்கே கைகொடுக்கிறது என்றால், ஒரு பக்கம் ஏன் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான். டுடோரியலின் மூன்றாவது படியில் திடீரென்று ஒரு கட்டளையின் பதினைந்து தெரிவுகளும் (ஆப்ஷன்கள்) அட்டவணையாக வந்து நிற்கும். கற்க வந்தவருக்கு அதில் ஒன்றுதான் தேவை. மீதி பதினான்கைப் பார்த்து மிரண்டுபோவார். அட்டவணையை ரெஃபரன்ஸுக்கு அனுப்பிவிட்டு ஓர் இணைப்பு கொடுத்தால் பக்கம் தெளிந்துவிடும். மறுபக்கம், ரெஃபரன்ஸில் ஒரு தெரிவின் இயல்பு மதிப்பைத் தேடி வந்தவர் அதன் வரலாற்றைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். அந்த வரலாறு விளக்கப் பக்கத்துக்கு உரியது.

ஆனால் நான்கு காலிக் கோப்புறைகளை உருவாக்கிவிட்டு, நிரப்ப ஆளைத் தேடுவது பலன் தராது. சிறிய திட்டத்துக்கு ஒரு நல்ல ரீட்மீ போதும். பக்கங்கள் வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம்.

மென்பொருளின் குறைகளையும் ஆவணத்தில் எழுதலாமா? திட்டத்தின் பெயர் கெடாதா?

எழுதத்தான் வேண்டும். 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பிலேயே கட்டளைகளுக்கான பக்கங்களில் ‘வழுக்கள்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. மென்பொருளை எழுதியவர்களே, இது இந்த இடத்தில் சரியாக இயங்காது என்று அதில் ஒப்புக்கொண்டு எழுதினார்கள். எடுத்துக்காட்டாக, பெரிய கோப்புகளில் ஏற்றுமதி தோற்றுப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயனர் வேறு வழி பார்ப்பார். தெரியாமல் அரைநாள் போராடித் தோற்றவர் திரும்பி வருவது கடினம்.

எந்தக் கருவியைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

அந்தத் திட்டம் எதைப் பயன்படுத்துகிறதோ அதை. பெரும்பாலும், எளிய குறியீடுகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் இருக்கும். ஒரே அமர்வில் கற்றுவிடலாம். பைதான் உலகில் ஸ்பிங்க்ஸ் என்ற ஆவண உருவாக்கக் கருவி பரவலானது. அது பைதான் மொழியின் சொந்த ஆவணத்துக்காக 2008இல் உருவானது. கருவியை மாற்றச் சொல்லி முதல் இஷ்யூவைத் திறக்க வேண்டாம். மோசமான பக்கம் எந்தக் கருவியிலும் மோசமாகவே இருக்கும்.

விக்கியா (உலாவியிலேயே நேரடியாகத் திருத்தும் தளம்), ரெப்போவா (திட்டத்தின் கோப்புக் களஞ்சியம்) என்ற கேள்வியும் வரும். வலைத் தொழில்நுட்பங்களுக்கான ஆவணத் தளமான எம்டிஎன் பல ஆண்டுகள் விக்கியாக இருந்து, 2020 டிசம்பரில் கிட்ஹப் ரெப்போவுக்கு மாறியது. அன்றுமுதல் ஒவ்வொரு மாற்றமும் மறுபார்வைக்குப் பிறகே வெளியாகிறது. ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்தின் ஆர்ச் விக்கியோ இன்றும் விக்கிதான், ஆர்ச் பயன்படுத்தாதவர்களும் அதைத் தேடிப் போய்ப் படிக்கிறார்கள். கவனித்துக்கொள்ள ஆட்கள் இருந்தால் இரண்டும் சரிப்படும். நிரலும் ஆவணமும் ஒரே ரெப்போவில் இருப்பதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: ஒரு தெரிவின் பெயரை மாற்றும் கமிட்டே அதன் ஆவணத்தையும் மாற்றிவிட முடியும்.

எழுதியது சரிதான் என்று எப்படி உறுதிசெய்வது?

ஒவ்வொரு கட்டளையையும் நீங்களே இட்டுப்பாருங்கள். நினைவிலிருந்து எழுதிய கட்டளையை நம்ப வேண்டாம். எந்த இயங்குதளத்தில், எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று புல் ரிக்வெஸ்டின் விவரணையில் ஒரு வரி எழுதினால், மறுபார்வை செய்பவருக்குப் பாதி வேலை குறையும்.

அடுத்தது இயந்திரச் சோதனை. பைதானில் 2.1 பதிப்பிலிருந்தே டாக்டெஸ்ட் என்ற கூறு உண்டு. ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டை ஓட்டி, அங்கே எழுதியிருக்கும் வெளியீடுதான் வருகிறதா என்று அது பார்க்கும். ரஸ்ட் மொழியில் இது இன்னும் இயல்பாக அமைந்திருக்கிறது: நிரலகத்தின் ஆவணக் குறிப்புகளில் உள்ள எடுத்துக்காட்டுகளும் கார்கோ டெஸ்ட் கட்டளையிலேயே சோதிக்கப்பட்டுவிடும். ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றிவிட்டு எடுத்துக்காட்டை மறந்தால் சோதனை தோற்று நிற்கும். காலாவதியான எடுத்துக்காட்டு பயனரிடம் போய்ச் சேருமுன் பிடிபடுவதற்கு இதைவிட உறுதியான வழி கிடையாது. உடைந்த இணைப்புகளைப் பிடிக்க ஸ்பிங்க்ஸிலேயே ஒரு சரிபார்ப்பு வசதி இருக்கிறது. மற்றவற்றுக்குத் தனிக் கருவிகள் உள்ளன.

கடைசியாக, மென்பொருளை அறியாத ஒருவரிடம் பக்கத்தைக் கொடுத்து, அருகில் அமர்ந்து பேசாமல் பாருங்கள். அவர் எங்கே மேலே ஸ்க்ரோல் செய்து மறுபடி படிக்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்த வேண்டும். வாயைத் திறந்து உதவினால் சோதனை வீணாகிவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டுகள் சேர்க்கலாமா?

குறைவாக. இடைமுகத்தில் ஒரு பொத்தான் நகர்ந்தாலே படம் பழையதாகிவிடும், மீண்டும் எடுக்க யாரும் வரமாட்டார்கள். டெர்மினல் வெளியீட்டைப் படமாக ஒட்டவே வேண்டாம்: நகலெடுக்க முடியாது, தேடலில் வராது, திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. படம் தேவைதான் என்றால் மாற்று உரை எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி அனுப்பலாமா?

முதலில் திட்டத்தின் விதியைப் படியுங்கள். ஜென்டூ லினக்ஸ் இயங்குதளத் திட்டம் 2024 ஏப்ரலில், இத்தகைய கருவிகளின் துணையோடு உருவாக்கிய எந்த உள்ளடக்கத்தையும் ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. அனுமதிக்கும் திட்டங்களும் உண்டு.

அனுமதி இருந்தாலும் ஆபத்து இருக்கிறது. மொழி மாதிரிகள் சரளமாக எழுதும், இல்லாத தெரிவையும் இருப்பதுபோல் அதே சரளத்தோடு எழுதும். நிரலில் அப்படி ஒரு தவறு வந்தால் கம்பைலரோ சோதனையோ பெரும்பாலும் தடுக்கும். உரையில் வந்தால் தடுப்பதற்கு மறுபார்வை செய்பவரின் கண் மட்டுமே. நீங்கள் ஓட்டிப் பார்க்காத ஒன்றை அனுப்பினால், உங்கள் வேலையை அவர் தலையில் வைக்கிறீர்கள். நீங்கள் இடறிய இடமும் அதற்கான காரணமும் எந்தக் கருவிக்கும் தெரியாது. நீங்கள் தரக்கூடியதில் மதிப்புள்ளது அதுதான்.

வேறெங்கோ படித்த நல்ல விளக்கத்தைப் படியெடுத்துச் சேர்க்கலாமா?

உரிமம் பார்க்காமல் கூடாது. ஆவணத்தின் உரிமமும் நிரலின் உரிமமும் வேறாக இருக்கலாம். கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் மென்பொருளின் ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆக்குநர்சுட்டு 4.0 உரிமத்தில் (ஆக்கியவரின் பெயரைச் சுட்ட வேண்டும் என்ற நிபந்தனையுள்ளது) இருக்கிறது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்கள் அதே முறையில் பகிர வேண்டும் என்ற நிபந்தனையுள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. அப்படியே ஒட்டினால் உங்கள் திட்டத்தின் உரிமத்தோடு மோதலாம். படித்துப் புரிந்து, ஓட்டிப் பார்த்து, உங்கள் சொற்களில் எழுதுவதே நல்லது.

தமிழில் மொழிபெயர்ப்பதும் இதில் சேருமா?

சேரும். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் இணையாக வைத்திருக்கும் கெட்டெக்ஸ்ட் முறையைப் பயன்படுத்தும் திட்டங்களில் மூல வாக்கியம் மாறினால், அதன் மொழிபெயர்ப்பு மறுபார்வை தேவை என்று தானாகக் குறிக்கப்படும். இந்த வசதி இல்லாமல் கோப்பைத் தனியாக மொழிபெயர்த்து வைத்தால், மூலம் மாறியதே தெரியாமல் பழைய வழிமுறையைத் தமிழில் நிலைநிறுத்திவிடுவோம். டுடோரியலிலும் நிறுவல் பக்கத்திலும் தொடங்குங்கள். மாறிக்கொண்டே இருக்கும் ரெஃபரன்ஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பவர்தான் மூலத்தை மிக நெருங்கிப் படிப்பவர். பொருள் இரண்டுபடும் வாக்கியம் எதிர்ப்பட்டால் மூலத்தையும் திருத்தி அனுப்புங்கள்.

புல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பல நாளாகிறது, பதிலே இல்லை. என்ன செய்வது?

இரண்டு வாரம் பொறுத்து, மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள். பெரும்பாலான பராமரிப்பாளர்கள் வேலை நேரம் போக மீதி நேரத்தில்தான் இதைப் பார்க்கிறார்கள்.

அவர்கள் தயங்க இன்னொரு காரணமும் உண்டு. 2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது டி-ஷர்ட் பெறுவதற்காக ரீட்மீயில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்த புல் ரிக்வெஸ்டுகள் வந்து குவிந்தன. சில நாள்களிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அன்றுமுதல் ரீட்மீயை மட்டும் தொடும் மாற்றம் என்றாலே சிலர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். ஆகவே விவரணையில் காரணத்தை எழுதுங்கள்: யார், எந்தப் படியில், எதனால் சிக்கினார், மாற்றியபின் என்ன நடக்கிறது. அந்தச் சில வரிகளே உங்கள் பங்களிப்பைக் கூட்டத்திலிருந்து தனித்துக் காட்டும்.

நான் பராமரிப்பாளர். ஆவணத்துக்கு யாரும் உதவ முன்வருவதில்லையே?

வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பு நிரலைப் பற்றி மட்டுமே பேசும் திட்டங்கள் ஏராளம். ஆவணத்தை மூலக்கோப்புகளிலிருந்து எப்படி உருவாக்கிப் பார்ப்பது, எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்று அதில் எழுதுங்கள். ‘ஆவணத்தை மேம்படுத்த வேண்டும்’ என்று ஓர் இஷ்யூ திறந்துவைத்தால் ஆண்டுக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். ‘காப்புப்பிரதி எடுக்கும் பக்கத்தில், மீட்டெடுக்கும் படி இல்லை’ என்று குறுகலாகத் திறந்தால் ஒருவர் எடுத்துக்கொள்வார்.

ஒரு கேள்விக்குப் பதில் எழுத நேர்ந்தால், பதிலைக் கையேட்டில் எழுதிவிட்டு இணைப்பை அனுப்புங்கள். உங்கள் நேரமும் அவ்வளவேதான் ஆகும், அடுத்தவர் கேட்க வேண்டியிராது. கேட்டவரையே அதை எழுதச் சொல்லி அழைப்பதும் பலன் தரும். விடை கிடைத்த மகிழ்ச்சியில் இருப்பவர் பெரும்பாலும் மறுப்பதில்லை.

புதிய வசதிக்கான மாற்றங்களை ஆவணம் இல்லாமல் ஏற்காதீர்கள். பைதானில் வலைத்தளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ திட்டம் இதை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறது; அதன் ஆவணம் பேர்பெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

வெளியீட்டுக் குறிப்பில் ஆவணத்துக்கு உழைத்தவர்களின் பெயரையும் நிரல் எழுதியவர்களின் பட்டியலிலேயே, அதே வரிசையில் இடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் நிறுவல் பக்கத்தை யாராவது ஒருவர் வெறும் கணினியில் முழுவதும் செய்துபார்ப்பதை வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். முடிந்தவரை அது போன முறை செய்தவராக இருக்க வேண்டாம்.